நாற்பத்தொரு பிரிவும் ஒரு முறியும்

கடல் கடந்து போய் வந்தவர்கள் எழுதுகிற பயணக் கதைகளைப் படித்து நான் இரக்கப்பட்டதுண்டு. பாவம், ஒரு ராஜ்ஜியம் தாண்ட அவர்கள் நாள்கணக்கில் கப்பலில் வாந்தி எடுக்க வேண்டியிருக்கிறது. கொழிஞ்சாம்பாறைக்காரனான எனக்கு அந்தத் தொல்லை இல்லை. வீட்டில் காலைச் சோறு உண்ணும்போது நான் கொச்சி மகாராஜாவின் பிரஜை. பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறிப் போட்ட வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் பிரிட்டிஷ் சீமை வந்துவிடும். அதற்கப்பால் மலை ஏறினால் திருவிதாங்கூர். மூன்று அரசாங்கம், மூன்று சட்டம். மூன்றிலும் என்னைக் கேட்டு எழுதியது ஒரு வரி கிடையாது.

அப்போது லண்டனில் உட்கார்ந்து இந்தியாவுக்கு அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சந்தையில் கடலைக்காய் அளக்கிறவர்கள்கூட அதையே பேசினார்கள். "ஏனுங்க, அந்தச் சட்டம் வந்துச்சுன்னா வாய்க்கால்ல தண்ணி வருமுங்களா?" என்று என்னைக் கேட்பார்கள். என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் சித்தூரில் ஒரு வக்கீலிடம் குமஸ்தா. அதுவுமில்லாமல் எங்கள் ஊர் வாய்க்கால் தண்ணீரை யார் எந்த நாள் பாய்ச்சுவது என்பதற்கு இருபத்தாறு பிரிவில் ஒரு சட்டதிட்டம் எழுதிக் கொடுத்தவன். அது வந்தபிறகு மூன்று வருஷம் தண்ணீர்ச் சண்டையே இல்லை என்று எனக்கு ஊரெல்லாம் பேர். அந்த மூன்று வருஷமும் மழை பொய்த்து வாய்க்கால் வறண்டு கிடந்ததை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை.

இந்தப் பேர் மலைவரைக்கும் போய்விட்டது. சின்னக்கானல் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் என் மனைவியின் தம்பி ஆறுமுகம் கணக்கப்பிள்ளை. அவன் எழுதிய கடிதத்தின் சாரம் இது: எஸ்டேட் துரை பத்திரிகை படித்துப் படித்து, இந்தியாவுக்கே சட்டம் வரும்போது தன் எஸ்டேட்டுக்கும் ஒன்று இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறார். தொழிலாளர்களுக்கு ஒரு பஞ்சாயத்து, அதற்குத் தேர்தல், எல்லாவற்றுக்கும் எழுத்தில் ஒரு சட்டதிட்டம். மச்சான் உடனே புறப்பட்டு வரவும்.

புறப்பட்டேன். எனக்குக் கொச்சி சட்டசபைக்கு ஓட்டு உண்டு. ஆனால் அது எனக்காகக் கிடைத்ததல்ல. அப்பா விட்டுப்போன நிலத்துக்குத் தீர்வை கட்டுகிறேன் அல்லவா, அதற்காகக் கிடைத்தது. ஆகவே பஸ் எல்லையைத் தாண்டியதும் ஓட்டு நிலத்தோடு பின்னால் நின்றுவிட்டது. நான் மட்டும் போனேன்.

முதல் நாளே எல்லைக்கல் அருகில் பஸ் ஒரு கோழியை அடித்துவிட்டது. கோழி கொச்சி ராஜ்ஜியத்துக் கோழி. அடிபட்டுத் துடித்துப் பறந்து செத்து விழுந்தது பிரிட்டிஷ் சீமையில். கோழிக்காரி இந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். அந்தப் பக்கத்துக் கிராமக் காவல்காரர், "எங்க எல்லையில விழுந்த பொருளு, நாந்தான் எடுத்து ஒப்படைக்கோணும்" என்று கோழியின் காலைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் என்னிடம், "குமஸ்தா அய்யா, சட்டம் என்னங்க சொல்லுது?" என்றான். குற்றம் நடந்த இடம், உயிர் போன இடம், உடைமை இருந்த இடம் என்று மூன்றாகப் பிரித்து விளக்க ஆரம்பித்தேன். நான் இரண்டாவதை முடிப்பதற்குள் கோழிக்காரி எல்லையைத் தாண்டி வந்து கோழியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். பஸ் கிளம்பியது. மூன்றாவதை நான் உடுமலைப்பேட்டை வரைக்கும் டிரைவருக்குச் சொல்லிக்கொண்டு போனேன்.

அடுத்த நாள் மலை ஏற்றம். ஏலக்காய் மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பும் கோவேறு கழுதைகளோடு என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். ஒன்றின் முதுகில் என்னை ஏற்றினார்கள். அது பாதி மலையில், பள்ளத்தை ஒட்டி நின்றபடி, என்னை இறக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்து அப்படியே செய்தது. எலும்பு எதுவும் முறியவில்லை. மானம்தான் போயிற்று. மீதி மலையைக் காலால் ஏறினேன். அட்டைகள் வேட்டிக்குள் ஏறி வயிறார விருந்துண்டன.

உச்சியில் திருவிதாங்கூர்ச் சுங்கச் சாவடி. புகையிலை, உப்பு என்று எல்லாவற்றையும் கிளறுகிற இடம். சாவடிக்காரர் மலையாளத்தில் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இந்தக் கட்டு என்ன?"

"சட்டமுங்க. கொச்சிச் சட்டசபை விதி, பிரிட்டிஷ் சட்டம், எங்க ஊர் வாய்க்கால் சட்டம். இதுல இருந்து பாத்து ஒரு புதுச் சட்டம் எழுதப் போறனுங்க."

அவர் தன் தீர்வைப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கீழிருந்து மேல்வரை மறுபடியும் பார்த்தார். சட்டத்துக்கு எவ்வளவு தீர்வை என்று அதில் இல்லை. ஒரு நொடி யோசித்துவிட்டு, "பழைய காகிதம், தீர்வை இல்லை" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் குளிர்கூடத் தெரியவில்லை.

சாந்தன்பாறை ஏலக்காட்டைத் தாண்டி எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். ஓயாத மழைத்தூறல். எங்கள் ஊரில் இந்த மாதத்தில் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்போம். இங்கே கம்பளிக்குள் இருந்து கையை வெளியே எடுத்தால் கை நம்முடையது இல்லை. தொழிலாளர்கள் இருக்கும் நீளவரிசை வீடுகளுக்கு லயம் என்று பேர். அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு முறி, அதாவது ஒரே ஓர் அறை. சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம் அந்த ஒன்றில்தான்.

ஆறுமுகம் என்னைத் துரையிடம் கூட்டிப்போனான். துரை நல்ல உயரம், நல்ல சிரிப்பு. அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச மாப்பிள்ளை ஆறுமுகம் தமிழில் சொன்னான்.

"தொரை சொல்றாரு மச்சான், இவுங்க தங்களைத் தாங்களே ஆளக் கத்துக்கோணுமாம். எதுக்கெடுத்தாலும் ஞாயித்துக்கிழமை பங்களா வாசல்ல வந்து நிக்கக் கூடாதாம்."

"நல்ல எண்ணமுங்க. பஞ்சாயத்துக்கு எந்தெந்த விஷயத்துல அதிகாரமுங்க?"

"எல்லா விஷயத்துலயும். வேலை, கூலி, லீவு, முறி, ஆளை நீக்கறது, இது அஞ்சையும் தவிர."

நான் விரல் விட்டுப் பார்த்தேன். மீதி இருந்தவை மாரியம்மன் திருவிழா, விறகுச் சண்டை, தெருநாய். லண்டனில் எழுதுகிறவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் எழுதிக்கொண்டிருப்பதாகப் பத்திரிகையில் படித்திருந்ததால் அப்படியே குறித்துக்கொண்டேன்.

எனக்குச் சோறு கொண்டுவர பேச்சியம்மாள் என்ற பெண்ணை அனுப்பினார்கள். நாற்பது வயது இருக்கும். பதினைந்து வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலை ஏறிய குடும்பம். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தாள். அரிசியும் பருப்புஞ்சோறுமாக வளர்ந்த என் நாக்குக்குக் கருவாடு புதிது. முதல் நாள் முகம் சுளித்தேன். இரண்டாம் நாள் குழம்பை வழித்தேன். குடிக்கத் தேயிலைத்தண்ணி, கருப்பட்டி போட்டு. நல்ல இலையெல்லாம் பெட்டியில் ஏறிச் சீமைக்குப் போகிறது. பறித்தவர்களுக்குக் கிடைப்பது தூள் மிச்சம். அந்த மிச்சமே அவ்வளவு ருசியாக இருந்தது.

"குமாஸ்தா அய்யா, என்னமோ சட்டம் எழுதுதீகளாமே?" என்றாள்.

"ஆமாம்மா. அரசியல் சட்டம்."

"அதுல என் முறி எங்க இருக்கு?"

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவள் சொன்னதில் சிரிப்பு நின்றது. போன மழைக்கு அவள் புருஷன் காய்ச்சலில் செத்துப்போனான். முறி அவன் பெயரில் இருந்தது. ஆம்பிளை போனால் முறி காலி என்பது எஸ்டேட் வழக்கம். முத்துக்கருப்பன் என்ற கங்காணி, ஆட்களை ஊரிலிருந்து கூட்டிவந்து வேலை வாங்குகிற தலையாள், அந்த முறியைத் தன் அக்காள் மகனுக்குக் கேட்டு வாங்கிவிட்டான். அந்த அக்காள் மகன் புதுப்பெண்டாட்டியோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அதற்குள் பேச்சியம்மாள் காலிசெய்து கொழுந்தன் முறிக்குப் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே எட்டுப் பேர்.

"கொழுந்து பறிக்கது நான். முறி மட்டும் செத்தவுக பேருல. இது எந்த ஊரு நியாயம்? அவுக செத்தாக, நானும் செத்துட்டேனா?"

சத்தம் போட்டு அழவில்லை. களியை இன்னும் ஒரு உருண்டை என் தட்டில் போட்டாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். "எழுதிப்புடறனம்மா, ஒரு பிரிவு உனக்காகவே" என்று வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு நாள் எழுதினேன். என் வாழ்நாளில் அப்படி எழுதியதில்லை. முகவுரை மட்டும் ஒன்றரைப் பக்கம். அதில் தர்மம், நீதி, ஆதிகாலம், சூரிய சந்திரர் எல்லாரையும் கொண்டுவந்தேன். நாற்பது பிரிவு. ஐந்தாவது பிரிவு: இந்தச் சட்டத்தில் கைநாட்டோ கையெழுத்தோ வைத்தவர்களே பஞ்சாயத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்பதாவது: வராதவர்களால் தீர்மானம் செல்லாமல் போகாது. பதினேழாவது: முறி அதில் வாழ்ந்து வேலை செய்கிறவருக்கே, ஆணானாலும் பெண்ணானாலும்.

துரையிடம் கொண்டுபோனபோது அவர் பதினேழை அடிப்பார் என்று பயந்தேன். அவர் அடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே கடைசியில் தன் கையால் நாற்பத்தொன்றாவதைச் சேர்த்தார். மாப்பிள்ளை அதைத் தமிழில் படித்தான்: மேற்கண்ட நாற்பதும் துரைக்குச் சம்மதமான வரைக்கும் செல்லும், சம்மதமில்லாதபோது துரையின் விசேஷ அதிகாரமே செல்லும். வெளியே நின்ற முத்துக்கருப்பன் கங்காணி என்னைப் பார்த்து மீசையைத் தடவினான். அடப்பாவி என்று மனசுக்குள் திட்டினேன். வேறென்ன செய்ய? கூலிக்கு எழுத வந்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரட்டுக் களத்தில் எல்லாரையும் வரச்சொன்னார்கள். தினம் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் அது. துரை நாற்காலியில். ஒரு ஓரத்தில் கங்காணியின் அக்காள் மகனும் அவன் பெண்டாட்டியும் அண்டா குண்டாவோடு நின்றார்கள். இன்னொரு ஓரத்தில் பேச்சியம்மாள் தன் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் முகவுரையிலிருந்து ஆரம்பித்தேன். சூரிய சந்திரர் வருவதற்குள் பாதிப்பேர் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி பக்கத்திலிருந்தவளுக்குப் பேன் பார்த்தாள். ஒருவழியாக நாற்பத்தொன்றையும் முடித்து, மைப்பெட்டியைத் திறந்து, "ஒவ்வொருத்தரா வந்து கைநாட்டு வெய்யுங்க" என்றேன்.

உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். எழுந்து முன்னால் வரவில்லை, பின்னால் போனார்கள். பெரட்டுக் களத்தில் எனக்கும் கூட்டத்துக்கும் நடுவே பத்து முழம் வெறும் தரை.

"என்ன மாப்ள இது?" என்றேன்.

ஆறுமுகம் தலையில் கைவைத்துக்கொண்டான். "கைநாட்டுன்னு சொல்லிப்புட்டீங்களே மச்சான்! இவுங்க அப்பன் ஆத்தாளை ஊர்ல வெச்சு ஆள் கட்டறப்ப ஒரு சீட்டுல கைநாட்டு வாங்கித்தான் மலை ஏத்துனாங்க. அதுக்கப்புறம் கீழ எறங்க விடல. கைநாட்டுன்னா இங்க ஒரே அர்த்தந்தான்."

நான் எடுத்துச் சொன்னேன். இது அந்தச் சீட்டு அல்ல, இது உரிமை, இது உங்கள் சுதந்திரம் என்றெல்லாம் தொண்டை கட்டக் கத்தினேன். கூட்டத்தில் ஒருத்தர், "அன்னைக்கும் இப்பிடித்தான் நல்லாப் பேசுனாகளாம்" என்றார். துரையின் முகம் சிவந்துகொண்டே வந்தது. அவர் கொடுக்கிற சுதந்திரத்தை வாங்க ஆள் இல்லை.

அப்போது பேச்சியம்மாள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தாள். கொழுந்தன் பின்னாலிருந்து, "ஏட்டி, உனக்குக் கிறுக்கா? கட்டிப் போட்டுருவாக!" என்று கத்தினான்.

"கட்டட்டும்" என்றாள். "கட்டிப் போட்டவள எங்க விரட்டுவாக? கயிறுன்னா ரெண்டு முனை இருக்குமுல்ல? என்னை எஸ்டேட்டோட கட்டுனா எஸ்டேட்டையும் என்னோட கட்டுதாகன்னுதான அர்த்தம்?"

பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். நாற்பத்தொரு பிரிவுக்குக் கீழே ஒரே ஒரு ரேகை. வேறு யாரும் அசையவில்லை.

துரை சிரித்தார். ஒரு பெண்பிள்ளை போட்டதை வைத்து என்ன செய்வது, இனி என்ன என்று கேட்கச் சொன்னார். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. கோழிக்காரி கோழியைப் பிடுங்கிக்கொண்டு போனபோது பார்த்துக்கொண்டு நின்றவன்தான் நான். ஐந்தாவது பிரிவை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். பிறகு ஒன்பதாவதை.

"அப்படீன்னா ஓட்டுள்ளவுங்க இவுங்க ஒருத்தர்தானுங்க. இவுங்க யாரைச் சொன்னாலும் அவுங்கதான் பஞ்சாயத்து. சொல்லம்மா."

"நான்தான்" என்றாள்.

"முதல் தீர்மானம்?"

"பதினேழுன்னு ஒண்ணு படிச்சீகள்லா? அதான். என் முறி எனக்கு."

கங்காணி துள்ளிக் குதித்தான். துரைக்கு மாப்பிள்ளை மெல்ல விளக்கினான். விளங்க விளங்க அவர் சிரிப்பு வற்றியது. "இவன் சொல்வது சரியா?" என்று கேட்டார். "எழுதியிருக்கிறபடி பார்த்தால் சரி" என்று மாப்பிள்ளை சொல்லவேண்டியதாயிற்று. அவன் உத்தியோகம் அன்றைக்கே ஆட்டம் கண்டது. துரை எழுந்து வந்தார். நாற்பத்தொன்றாவது பிரிவின்மேல் விரலை வைத்துக் காட்டினார். பிறகு தாள்களைச் சேர்த்து எடுத்து இரண்டாகக் கிழித்து, நாலாகக் கிழித்து, போட்டுவிட்டார். தேர்தல், பஞ்சாயத்து, தீர்மானம், கலைப்பு எல்லாம் கால்மணி நேரத்துக்குள் முடிந்துபோயிற்று. லண்டன்காரர்கள் இதற்கு எத்தனை வருஷம் எடுத்துக்கொள்கிறார்கள்!

நான் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தேன். பேச்சியம்மாள் அப்படியே நின்றாள். மைபட்ட விரலை அவள் துடைக்கக்கூட இல்லை. அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அப்போதுதான் பின்வரிசையில் ஒரு பெண்ணின் குரல். "ஏ, இங்க பாருங்க. எங்கப்பன் கைநாட்டு வச்ச சீட்ட எந்தத் தொரையாவது கிழிச்சிருக்காகளா? இரும்புப் பெட்டியில வச்சுல்லா பூட்டுனாக! இதக் கிழிக்காகன்னா, இது நம்ம சீட்டுதாம்டி!"

பத்து முழம் தரை இருந்த இடம் தெரியவில்லை. என்னைச் சுற்றிக் கம்பளி வாடையும் மழை வாடையும். "எழுதுங்க அய்யா, எழுதுங்க" என்றார்கள். "தாள் இல்லீங்க" என்றேன். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற தடித்த காகிதம் ஒன்றை யாரோ ஃபாக்டரியிலிருந்து எடுத்து வந்தார்கள். "முகவுரை..." என்று இழுத்தேன். "அதெல்லாம் வேண்டாம், அவ முறிய எழுதுங்க" என்றார்கள். எழுதினேன்: பேச்சியம்மாள் முறி பேச்சியம்மாளுக்கே. அவ்வளவுதான். அதற்குக் கீழே விரல் விரலாக விழுந்தது. ஆண், பெண், கிழம், கடைசியில் அந்தக் கொழுந்தன். ரேகை வைத்துவிட்டு அவன், "எட்டோட ஒம்பது எங்க முறியில தாங்காதுங்க" என்று என் காதில் சொன்னான்.

துரை அதை வாங்கிப் பார்த்தார். தன் பேனாவைத் திறந்தார். மாப்பிள்ளை கேட்டுச் சொன்னான்: "விசேஷ அதிகாரப் பிரிவை எங்க எழுதறதுன்னு கேக்கறாரு மச்சான்."

நான் தாளைத் திருப்பிக் காட்டினேன். மேலே என் ஒரு வரி. அதற்குக் கீழே, ஓரத்தில், மூலையில், பின்பக்கத்தில் எல்லாம் விரல். "எழுத எடமில்லைங்களே" என்றேன்.

அவர் தாளை அங்கும் இங்கும் திருப்பினார். சுற்றிலும் பார்த்தார். யாரும் கலையவில்லை, யாரும் சத்தமும் போடவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பங்களாவுக்கு நடந்தார். கிழிக்கவில்லை. கங்காணியின் அக்காள் மகன் அண்டா குண்டாவைத் தூக்கிக்கொண்டு மாமன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தான். அந்த வீட்டில் மூன்று அறை என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை எனக்கு உத்தரவு வந்தது. வெளியாள், பெரட்டு முடிவதற்குள் மலையை விட்டு இறங்க வேண்டும். சந்தோஷம். கோவேறு கழுதை மட்டும் வேண்டாம், நடந்தே போகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

போகிற வழியில் சொல்லிக்கொண்டு போகலாம் என்று பேச்சியம்மாளின் முறிக்குப் போனேன். கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. நான் பாட்டுக்கு உள்ளே காலை வைத்தேன்.

"நில்லுங்க" என்றாள்.

காலை எடுத்துக்கொண்டேன். வக்கீல் குமஸ்தா, நாற்பது பிரிவு எழுதியவன், தூறலில் நனைந்தபடி வாசல்படிக்கு வெளியே நின்றேன். ஒருத்தர் வீட்டுக்குள் போக அனுமதி கேட்டுப் பழக்கமில்லாததால் வார்த்தை சட்டென்று வரவில்லை.

"ஏனம்மா, உள்ள வரலாமுங்களா?"

பேச்சியம்மாள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இருங்க," என்றாள், "யோசிச்சுச் சொல்லுதேன்."